ஒரு வெள்ளிக்குப் பதினெட்டு ரூபாய்

மலேசியப் பணத்துக்கு ரிங்கிட் என்று பெயர். அங்கே பிழைக்கப் போன நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளி என்றுதான் சொல்வார்கள். என் அண்ணனும் அப்படித்தான். "இந்த மாசம் ரெண்டாயிரத்து எரநூறு வெள்ளி தாயி" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ரூபாய் வந்துவிடும். பதினெட்டால் பெருக்கினால் நாற்பதாயிரத்துக்கு நானூறு குறைச்சல். பேனா, பேப்பர், போன் எதுவும் வேண்டாம். பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் மொத்தக் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கெழுதுகிறேன். அங்கே முதலாளி கால்குலேட்டரைத் தேடுவதற்குப் பதில் என்னைத்தான் கூப்பிடுவார். எல்லா வினையும் இங்கிருந்துதான் தொடங்கியது என்பதால் இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்ச்சேர்ந்தபோது நான் கல்லூரியில் முதல் வருஷம். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். புரோட்டாக் கடைகளில் மாவு பிசைந்து என்னை பி.காம். முடிக்க வைத்து, மதுரையில் கட்டியும் கொடுத்தார். அவருடைய கல்யாணம் ஒரே வருஷத்தில் முறிந்துபோனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரையும் எடுக்கவிடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் மலேசியாவுக்குப் போனார். பினாங்கு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடும் வேலை. அங்கே ரொட்டி என்பது நம் புரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதனால் தொழில் புதிதில்லை, ஊர்தான் புதிது.

சம்பளத்தில் அவர் செலவுக்கு நானூறு வெள்ளி வைத்துக்கொண்டு மீதியை என் கணக்குக்கு அனுப்புவார். எப்போது அனுப்புவது என்பது என் பொறுப்பு. ரேட் பார்க்க என் போனில் மூன்று ஆப் இருந்தன. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். சம்பளம் வாங்கி, வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் லீவில் அவர் பஸ் ஏறி, பணம் அனுப்பும் கடைக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டு கூப்பிடுவார்.

"போட்டுறவா தாயி?"

"இன்னைக்கு வேணாம்ண்ணே. இருபது பைசா எறங்கிருக்கு. அடுத்த வாரம் போடு."

"சரி தாயி. நீ சொன்னாச் சரி."

வரிசையை விட்டு வெளியே வந்து, மறுபடி பஸ் ஏறிப் போவார். ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு இருபது பைசா என்றால் முந்நூற்று அறுபது ரூபாய். அதை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வேன். அண்ணன் இரண்டு தடவை பஸ்ஸுக்குக் கொடுத்ததையும், அவருடைய ஒரே லீவு நாள் அதில் கரைந்ததையும் எந்தக் கணக்கிலும் நான் சேர்த்ததில்லை.

இன்னொன்றும் எங்கள் இருவருக்கும் பழக்கமாகிப் போயிருந்தது. அவர் அங்கே எதற்குக் கை நீட்டினாலும் முதலில் அதை ரூபாயாக மாற்றிப் பார்ப்பார். முடி வெட்ட பதினைந்து வெள்ளி. இருநூற்று எழுபது ரூபாயா என்று பதறி, வெட்டாமல் விட்டுவிடுவார். வீடியோ காலில் வந்தால் காதை மூடிக்கொண்டு முடி தொங்கும். "என்னண்ணே, மொட்டைக்கு நேந்துகிட்டியா?" என்று கேட்பேன். "ஊருக்கு வந்து வெட்டிக்கிறேன் தாயி. இங்க வெட்டுற காசுக்கு அங்க மூணு தடவ வெட்டலாம்" என்பார். செருப்பு ஊரில் வாங்கிக்கலாம். சொத்தைப் பல் ஊரில் பிடுங்கிக்கலாம். ஒரு தடவை பல்வலியோடு ஐந்து மாதம் மாத்திரை போட்டு ஓட்டி, இங்கே வந்து இறங்கிய மறுநாள் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். எவ்வளவு மிச்சம் என்று நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு அவர் சிரித்தது எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது.

அவருடைய வருமானத்தை எல்லோரும் பதினெட்டால் பெருக்கினோம். மாதம் நாற்பதாயிரம் சம்பாதிக்கிற அண்ணன் என்று என் புகுந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த நாற்பதாயிரம் அங்கே இரண்டாயிரத்து இருநூறு மட்டும்தான், அதற்குள் ஒரு மனுஷன் தின்று உடுத்தி நோய்நொடி பார்க்கவேண்டும் என்று திருப்பி வகுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் எனக்கு வகுத்தலும் நன்றாகத்தான் வரும்.

என் மகளுக்கு ஐந்து வயது நடந்தபோது காதுகுத்து வைக்க முடிவானது. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் கல்யாணத்தில் பாதி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். அதற்கு முன்னால் தாய்மாமன் சீர் வரவேண்டும். தட்டு வரிசை, கிடா, மேளம், வெடி என்று ஊரே நின்று பார்க்க வரவேண்டும். முந்தின வருஷம்தான் என் நாத்தனார் மகனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்ற முறையில் என் வீட்டுக்காரர்தான் சீர் செய்தார். ஐம்பத்தோரு தட்டு. அதைச் செய்து முடிக்க நாங்கள் பட்ட பாடு தனி. அதே சபையில் என் பிறந்த வீட்டுச் சீர் ஒரு தட்டுகூடக் குறையக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. வைகாசியில் நாள் குறித்து, தை மாதமே அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சீருக்கென்று எட்டாயிரம் வெள்ளி தனியாகச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். போனில் பேசும்போது, "வலது கண்ணுக்குள்ள கருப்பா நூலு நூலா ஓடுது தாயி. கல்லுல ரொட்டி வெந்துச்சா இல்லையான்னு தெரிய மாட்டேங்குது" என்றார். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை இருந்தது. கண் டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்ன நல்ல வார்த்தை. போய்ப் பார்த்துவிட்டு, அங்கே கொடுத்த கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்.

கடையில் பில் போட்டுக்கொண்டே அதைத் திறந்தேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், அண்ணனுக்கு வாசிக்க வராது. விழித்திரையில் ரத்தக் கசிவு. லேசர் வைக்கவேண்டும், ஊசி போடவேண்டும். கடைசி வரியில் 'அவசரம்' என்று எழுதி அடிக்கோடு இழுத்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் என்றும் இருந்தது. கீழே உத்தேசச் செலவு நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி. வெளிநாட்டு ஆள் என்பதால் கட்டணம் கூடுதல். என் கண் அந்த அடிக்கோட்டில் ஒரு நொடி நின்றதைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். நின்றது. அதற்குள் மூளை பெருக்கிவிட்டது. எண்பத்தோராயிரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"லெட்டர வாசிச்சியா தாயி?"

"வாசிச்சேன்ண்ணே. கண்ணு நரம்புல ரத்தம் கசியுதாம். லேசர் வைக்கணுங்கிறாங்க. சீக்கிரம் பாக்கணும்னு போட்டிருக்கு."

"நீ என்ன சொல்ற?"

"எல்லா டாக்டரும் சீக்கிரம்னுதாண்ணே எழுதுவாங்க. எம்புட்டுக் கேக்குறாங்க தெரியுமா? எண்பத்தோராயிரம்! நம்ம மதுரையில இல்லாத கண்ணாஸ்பத்திரியா? நாட்டுல இருக்கவுக எல்லாம் இங்க வந்துதான் கண்ணு காட்டிட்டுப் போறாக. கால்வாசிக் காசுல முடிஞ்சிரும். நாலு மாசத்துல காதுகுத்துக்கு வரத்தானே போற?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று "அண்ணே" என்றேன்.

"இருக்கேன் தாயி. சரி, நீ சொன்னாச் சரி" என்றார்.

இரண்டு வாரம் என்பதை நான் சொல்லவில்லை. அவசரம் என்பதைச் சீக்கிரம் என்று மாற்றினேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் மறக்கவில்லை. கண்ணுக்கு நாலாயிரத்து ஐந்நூறு போனால் சீருக்கு மூவாயிரத்து ஐந்நூறுதான் மிஞ்சும், அறுபத்து மூவாயிரம் ரூபாய், அதில் ஐம்பத்தோரு தட்டும் கிடாயும் மேளமும் வராது, நாத்தனார் முன்னால் என் முகம் செத்துப்போகும். இவ்வளவும் காபி கொதிப்பதற்குள் நான் போட்டு முடித்த கணக்கு. அதோடு, அண்ணனின் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நிஜமாகவே நம்பினேன். பல் ஐந்து மாதம் தாங்கவில்லையா? கண்ணையும் நான் பல்லோடுதான் சேர்த்து வைத்திருந்தேன்.

மாசியும் பங்குனியும் போயின. கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அப்படியேதான் இருக்கு" என்பார். சித்திரையில் ரேட் ஏற ஆரம்பித்தது. பத்தொன்பதைத் தொட்ட அன்றைக்குக் கடையிலிருந்தே கூப்பிட்டு, "இப்பப் போடுண்ணே, சீருக் காசு மொத்தத்தையும் போடு" என்று கத்தினேன். எட்டாயிரம் வெள்ளிக்கு ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். காத்திருந்ததில் எட்டாயிரம் ரூபாய் லாபம். முதலாளிக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். அந்த இனிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வாயில் கசக்கிறது.

காதுகுத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது திருச்சி விமான நிலையத்துக்கு அவரைக் கூப்பிடப் போனோம். திரும்பும்போது கொட்டாம்பட்டியில் காரை நிறுத்தி டீ சொன்னோம். கடைக்காரர் நீட்டிய கிளாஸை அண்ணன் வாங்கப் போனார். கை கிளாஸுக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. நான் எட்டி வாங்கி அவர் கையில் வைத்தேன். "என்னண்ணே?" என்றேன். "வெயிலு கூசுது" என்றார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மறுநாள் ப்ளெக்ஸ் போர்டு வைக்க வருகிறார்கள், சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டும், பத்திரிகை இன்னும் நாற்பது வீட்டுக்குப் போகவில்லை. விசேஷம் முடியட்டும் என்று சொன்னவள் நான்.

சீர் வந்தது. ஐம்பத்தொன்றுக்கு அறுபத்தோரு தட்டு. மாலையும் கழுத்துமாக அண்ணன் முன்னால் நடந்து வந்தார். அவர் கைத்தட்டு ஒரு பக்கமாகச் சாய, சொந்தக்காரப் பையன் ஒருவன் தாங்கிப் பிடித்தான். என் நாத்தனார் என் கையைப் பிடித்து, "ஒங்கண்ணன் அசத்திட்டாரு" என்றாள். பெருமையில் நான் அழுதேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன், அந்த அழுகைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார், பிள்ளை வீறிட்டது. அந்த நேரத்தில் எடுத்த போட்டோ எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் பிள்ளையின் காதைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் யாரும் இல்லாத ஒரு பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு அறையாக உட்கார வைத்து, கடைசியில் ஓர் இளவயசு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பேசினார். வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பார்வை வரும் என்று சொல்ல முடியாது. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"நாலு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதே. அங்க யாரும் எதுவும் சொல்லலையா?" என்றார்.

அந்தக் கடிதம் என் போனில், என் கைப்பையில், என் மடியில் இருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சொன்னாகம்மா. லீவு கெடைக்கல, நாந்தான் இழுத்துட்டேன்" என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். அண்ணனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று கேட்ட அதே நிமிஷத்தில், நான் மறைத்தது அவருக்குத் தெரியாது, தப்பித்தேன் என்று மனசுக்குள் ஒருத்தி மூச்சு விட்டாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் வேறு யாரோ இல்லை.

ஆபரேஷன் நடந்தது. வலது கண் வரவில்லை. இடது கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்கிற வேலைக்கு அது போதாது. மலேசியாவுக்குத் திரும்பிப் போகிற பேச்சு அதோடு முடிந்தது. உசிலம்பட்டி வீட்டைத் திறந்து சுத்தம் செய்து கொடுத்தோம். என்னோடு மதுரையில் இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். ஒன் வீட்டுல முட்டிக்கிட்டுத் திரியணும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, பினாங்குக் கடையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வரும்போது அண்ணனின் பாக்கிச் சம்பளத்தை நோட்டாகவே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஆயிரத்து நூறு வெள்ளி. மாற்றுவதற்காக மதுரையில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை ஒன்றுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்தப் பணத்தை நான் கையால் தொட்டது அன்றைக்குத்தான். வழவழவென்று இருந்தது. ஒரு நோட்டில் எண்ணெய்க் கறை. கவுண்ட்டரில் இருந்த பெண், "அக்கா, இன்னைக்கு ரேட்டு கம்மியா இருக்கு. அவசரமில்லைன்னா அடுத்த வாரம் வாங்களேன், கூடும்ங்கிறாங்க" என்றாள்.

"இன்னைக்கே மாத்திக் குடும்மா" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது. பாவம், அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. எவ்வளவு ரேட் போட்டாள் என்று நான் பார்க்கவில்லை.

ரூபாயை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே உசிலம்பட்டி பஸ் ஏறினேன். கடித விஷயத்தை இந்த முறையாவது சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். செக்கானூரணி தாண்டியதும் திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போனபோது அண்ணன் அடுப்பில் உலை வைத்துவிட்டு, சொளகில் அரிசியைப் பரப்பி விரலால் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பணத்தைக் கையில் வைத்தேன். எண்ணவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த லெட்டர்ல அவசரம்னு போட்டிருந்துச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள பாக்கணும்னு போட்டிருந்துச்சு. நான் ஒங்கிட்ட மறைச்சுட்டேன். சீரு கொறஞ்சு போகும்னு மறைச்சுட்டேன்."

அவர் விரல் அரிசியில் நின்றது.

"தெரியும் தாயி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"அங்க பாத்த டாக்டரு தமிழாளுதான். ரெண்டு வாரம், அதத் தாண்டக் கூடாதுன்னு கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னும் அவரே வாசிச்சுச் சொன்னாரு."

"அப்புறம் எதுக்குண்ணே எனக்கு அனுப்புன? எதுக்கு எங்கிட்டக் கேட்ட?"

உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அம்புட்டுக் காச எனக்குன்னு எடுத்துச் செலவழிக்க மனசு வரல தாயி. பழக்கமில்ல. நீ ஒரு வார்த்த, 'காசு கெடக்குது, நீ போயிக் கண்ணப் பாருண்ணே'ன்னு சொன்னா போயிரலாம்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு மறுபடி அரிசியைத் தடவ ஆரம்பித்தார். அவர் தள்ளிவிட்ட கல் ஒன்று என் காலருகில் வந்து விழுந்தது. பத்து வருஷமாக நான் நில் என்றால் நின்று, அனுப்பு என்றால் அனுப்பியவர். அன்றைக்குப் போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்.